கியர் ஆயில் மாற்றப் போகிறீர்களா? மேல் போல்ட்டிலிருந்து ஆரம்பியுங்கள்

சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தர்மபுரியில் எங்கள் வீட்டு வாசலில் காருக்கு அடியில் படுத்து, கியர் பாக்ஸின் டிரெயின் போல்ட்டைக் கழற்றினேன். பழைய ஆயில் கருகருவென்று பேசினில் இறங்கியது. பாதி வேலை முடிந்த தெம்பில், புது ஆயில் ஊற்ற வேண்டிய பில்லர் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தேன். அசையவில்லை. இன்னும் அழுத்தினேன். ஸ்பேனர் வழுக்கி, போல்ட்டின் ஆறு மூலையும் மழுங்கிப்போனது. கியர் பாக்ஸ் காலி, ஊற்ற வழியில்லை, மெக்கானிக் கடைக்கு ஓட்டிக்கொண்டு போகவும் முடியாது.

மறுநாள் வீட்டுக்கே வந்த மெக்கானிக் அண்ணன் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: “ஊத்த வழி இருக்கான்னு பாக்காம, உள்ள இருந்தத எதுக்குத் தம்பி எறக்குனீங்க?”

வீட்டில் கியர் ஆயில் மாற்றுபவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான். பில்லர் போல்ட் வருடக்கணக்கில் யாரும் தொடாதது, மண்ணும் துருவும் பிடித்துக் கிடக்கும். முதல் நாள் ராத்திரியே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வைத்து, காலையில் போல்ட்டைச் சுற்றி பிரஷ் போட்டுத் துடைத்து, சரியான அளவு சாக்கெட்டில்தான் திறக்க வேண்டும். ஓப்பன் ஸ்பேனர் வேண்டாம். சில வண்டிகளில் சதுரக் குழி இருக்கும், சிலவற்றுக்கு அலன் கீ வேண்டும். மேலே திறந்த பிறகுதான் கீழே கை வைக்க வேண்டும். மேலே திறக்கவில்லையா? நஷ்டமில்லை, பழைய ஆயிலோடு கடைக்கு ஓட்டிப் போகலாம்.

இதைவிடக் கொடுமை, போல்ட்டையே மாற்றித் திறப்பது. சின்ன கார்களில் எஞ்சினும் கியர் பாக்ஸும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, இரண்டுக்கும் அடியில் போல்ட் உண்டு. எஞ்சின் ஆயிலை இறக்கிவிட்டு, ஏற்கெனவே நிறைந்திருக்கும் கியர் பாக்ஸில் மேலும் ஊற்றி, வண்டியை ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் போய்விடும். முன் சக்கரங்களிலிருந்து வரும் ஆக்சில் எந்தப் பெட்டிக்குள் நுழைகிறதோ அதுதான் கியர் பாக்ஸ். சந்தேகம் இருந்தால் திறக்காதீர்கள்.

அடுத்தது ஆயில். நம் பக்கம் பாதி வீடுகளில் டிராக்டருக்கு வாங்கிய 90 நம்பர் ஆயில் கேனில் மீதம் இருக்கும். “கியர் ஆயில்தானே, ஊத்து” என்று மாமாவோ சித்தப்பாவோ சொல்லிவிடுவார். ஊற்றாதீர்கள். இன்றைய கார்கள் பலவற்றுக்கு 75டபிள்யூ-80, 75டபிள்யூ-90 மாதிரி லேசான ஆயில்தான் கேட்கிறார்கள். கெட்டியான ஆயில் ஊற்றினால், மார்கழிக் காலையில் கிருஷ்ணகிரிப் பக்கம் இருக்கும் குளிருக்கு முதல் கியரிலிருந்து இரண்டாவதற்கு லீவர் மல்லுக்கு நிற்கும்.

கெட்டித் தன்மை மட்டுமல்ல, தரக்குறியையும் பார்க்க வேண்டும். கேனில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று போட்டிருக்கும். 5 என்றால் 4-ஐவிட உசத்தி என்று நினைத்து வாங்குபவர்கள் அதிகம். அப்படி இல்லை. ஜிஎல்-5 முக்கியமாக ஆக்சில் பெட்டிக்குள் இருக்கும் பெரிய கிரவுன் பல்லுக்கானது, கடும் அழுத்தத்தைத் தாங்கக் கந்தகம் கலந்த மருந்து அதில் கூடுதல். அந்த மருந்தில் சில வகை, கியர் மாறும்போது பல் சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கும். தவிர, அந்த வளையம் உரசிப் பிடித்தால்தான் கியர் சத்தமில்லாமல் விழும். அளவுக்கு மீறி வழுக்கினால் பிடிக்காது. வண்டியோடு வந்த புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதை வாங்குங்கள், கடைக்காரர் “இதுவும் அதேதான்” என்றாலும்.

ஜாக்கி விஷயத்துக்கு வருவோம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுப்பது அதைவிட ஆபத்து, சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கிவிடும். இரும்பு ஸ்டாண்டு போட வேண்டும். இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. கியர் பாக்ஸில் டிப் ஸ்டிக் இல்லாத வண்டிகளில், பெரும்பாலும் பில்லர் ஓட்டையின் கீழ் விளிம்பு வரை ஆயில் நிற்பதுதான் சரியான அளவு. முன்பக்கத்தை மட்டும் தூக்கி வைத்தால் வண்டி சாய்ந்து அந்த அளவு பொய்யாகும். எங்கள் வாசலே மழைத் தண்ணீர் ஓடுவதற்காகத் தெருப் பக்கம் சரிவாகப் போட்டது, அங்கே எதுவும் சரியாக வராது. சமதரையில், நான்கு பக்கமும் ஒரே மட்டமாகத் தூக்கி அளவு பாருங்கள். இறங்கிய பழைய ஆயிலையும் அளந்து வையுங்கள். ஏறக்குறைய இரண்டு லிட்டர் பிடிக்கும் பெட்டியிலிருந்து ஒரு லிட்டர்தான் வந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம்.

பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் பழைய ஆயிலை இறக்குங்கள், அடியில் தங்கிய தூளும் சேர்ந்து வரும். டிரெயின் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறத்தில், எண்ணெயில் விபூதி குழைத்த மாதிரி ஒரு பசை ஒட்டியிருக்கும். அது சாதாரணத் தேய்மானம், துடைத்துவிட்டு மாட்டலாம். விரலில் நெருடும் இரும்புத் துண்டு இருந்தால் ஆயில் மாற்றியதோடு விட முடியாது. வாஷர் போட்டிருந்த இடத்தில் புது வாஷர் போடுங்கள். கியர் பாக்ஸ் பெட்டி பெரும்பாலும் அலுமினியம், பலம் காட்டி முறுக்கினால் மரை போய்விடும்.

ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்கள் மேலே சொன்னதை அப்படியே செய்துவிட வேண்டாம். பெல்ட்டில் ஓடும் சிவிடி வகைப் பெட்டிக்கு, சாதாரண ஆட்டோமேட்டிக்குக்கான ஏடிஎஃப் ஆயிலை ஊற்றினால் பெட்டியே வீணாகும். சாதாரண ஆட்டோமேட்டிக்கில் அடியில் திறந்தால் ஒரு பகுதி ஆயில்தான் இறங்கும், மீதி, எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில் நிற்கும். அளவும் பெரும்பாலான வண்டிகளில் எஞ்சின் ஓடும்போது, குறிப்பிட்ட சூட்டில்தான் பார்க்க வேண்டும். சேலத்திலிருந்து குடும்பத்தோடு ஏசி போட்டுத் தொப்பூர் ஏற்றத்தில் ஊர்ந்து வரும் வண்டியில் அந்த ஆயில் எவ்வளவு சூடாகும் என்று யோசித்தால், ‘ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம்’ என்ற பேச்சை நான் நம்புவதில்லை. ஆனால் அந்த வேலையைக் கடையில் விட்டுவிடுவேன். கிளட்ச்சையும் கியரையும் கருவியே போடும் ஏஎம்டி வண்டி வேறு வகை. அதன் கியர் பாக்ஸ் மேனுவல் மாதிரிதான், கியர் போடும் ஹைட்ராலிக் கருவி இருக்கும் வண்டிகளில் அதற்குத் தனி ஆயில். இரண்டையும் குழப்பாதீர்கள்.

பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். கரையானுக்குக் கதவு நிலையில் பூசுகிறேன் என்று எங்கள் தெருவில் யாராவது கேன் எடுத்து வருவார்கள், நான் கொடுப்பதில்லை. மழைத் தண்ணீரோடு மண்ணுக்கும் கிணற்றுக்கும்தான் போகும். மூடி போட்ட கேனில் பிடித்து, கழிவு ஆயில் சேர்த்து அனுப்பும் ஒர்க் ஷாப்பில் கொடுத்துவிடுகிறேன். ஆயில் மாற்றிய அன்று ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வைப்பேன். காலையில் அட்டையில் ஒரு சொட்டு விழுந்திருந்தாலும் மறுபடி அடியில் படுக்க வேண்டியதுதான்.