ஊர்களின் காலநிலை இசைவாக்கத் திறனை அளப்பது எப்படி: யாழ்ப்பாணத்தை வைத்து ஒரு செய்முறை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி, அடியில் கிடக்கும் கடல்நீரின் மேல் நன்னீராகத் தங்குகிறது. குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் அதைத்தான் இறைக்கிறோம். மழை பொய்த்தால் எந்த ஊர் சமாளிக்கும், எந்த ஊர் தவித்துப்போகும் என்பதை அளக்கும் முறையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: மூன்றையும் பிரித்துக்கொள்ளுங்கள்
காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு 2001 இல் வெளியிட்ட மூன்றாம் மதிப்பீட்டு அறிக்கை, பாதிப்புறு நிலையை வெளிப்பாடு, உணர்திறன், இசைவாக்கத் திறன் என்ற மூன்றைக் கொண்டு விளக்கியது. வறட்சி அடிக்கடி வருவது வெளிப்பாடு. ஒரே கிணற்றை நம்பி வெங்காயம் நடுவது உணர்திறன். அந்தக் கிணறு உவரான பிறகு அக்குடும்பத்தால் என்ன செய்ய முடியும் என்பதே இசைவாக்கத் திறன். கிணற்றின் உவர்ப்பை அளந்து, அட்டவணையில் இசைவாக்கத் திறனுக்கான நிரலில் எழுதுவது, புதியவர்கள் பெரும்பாலும் விடுகின்ற பிழை.

படி 2: இடரையும் எல்லையையும் தீர்மானியுங்கள்
வறட்சி, வெள்ளம் போன்றவற்றில் ஓர் இடரை மட்டும் எடுங்கள். அளக்கும் அலகு, மிகச் சிறிய நிர்வாகப் பிரிவான கிராம அலுவலர் பிரிவாக இருக்கட்டும். வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களும் நெடுந்தீவும் ஒரே மாவட்டத்துக்குள் இருப்பதால், மாவட்டச் சராசரி இரண்டையும் மறைத்துவிடும்.

படி 3: குறிகாட்டிகளைத் தெரிவுசெய்யுங்கள்
திறனை எண்ணாகக் காட்டும் அளவுகளே குறிகாட்டிகள். இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஊரில் என்ன இருக்கிறது என்பதை எண்ணுவது போதாது. அது யாருக்குக் கைக்கெட்டுகிறது என்பதை எண்ண வேண்டும். ஊரில் வங்கி இருக்கலாம். ஆனால் குத்தகைக் காணியில் தோட்டம் செய்பவரிடம் பிணையாக வைக்கக் காணி உறுதி இல்லையென்றால், அந்த வங்கி அவருக்கு இல்லாததற்குச் சமம். ஆகவே வங்கிகளின் எண்ணிக்கையை விட்டு, பயிர்க்கடன் பெற்ற குடும்பங்களின் வீதத்தை எடுங்கள். நெடுந்தீவுக்கும் அங்கு படகு புறப்படும் குறிகட்டுவானுக்கும் இடையிலான தூரத்தைக் கிலோமீற்றரில் எழுதுவதிலும் பயனில்லை. கடல் கொந்தளிப்பால் படகு ஓடாத நாட்களைக் கணக்கெடுங்கள்.

படி 4: ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவாருங்கள்
ஒவ்வொரு குறிகாட்டிக்கும் ஒரு கீழெல்லையும் மேலெல்லையும் குறித்துக்கொள்ளுங்கள். ஊரின் பெறுமானத்திலிருந்து கீழெல்லையைக் கழித்து, மேலெல்லைக்கும் கீழெல்லைக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். உதாரணமாக, எல்லைகள் 10, 60 என்றும் ஓர் ஊரின் பெறுமானம் 35 என்றும் வைத்துக்கொண்டால், 25 ஐ 50 ஆல் வகுக்க 0.5 வரும். படகு ஓடாத நாட்களைப் போலக் கூடினால் தீமையானவற்றுக்கு, வரும் விடையை 1 இலிருந்து கழியுங்கள்.

படி 5: சேருங்கள்
ஓர் ஊரின் மூன்று குறிகாட்டிகள் 0.9, 0.9, 0.1 என்று வந்தால், அவற்றின் சாதாரண சராசரி 0.63. மூன்றையும் பெருக்கிக் கனமூலம் எடுத்தால் 0.43 தான் வரும். தண்ணீர் இல்லாத குறையை நல்ல வீதியால் ஈடுசெய்ய முடியாது என்பதால், நான் இரண்டாவதையே விரும்புகிறேன். ஆனால் மிகப் பின்தங்கிய ஊரின் பெறுமானத்தையே கீழெல்லையாக வைத்தால் பெருக்கம் பூச்சியமாகிவிடும்; அதைவிடத் தாழ்ந்த எல்லையை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள்.

படி 6: ஊருக்குத் திரும்பிப் போங்கள்
வறட்சிக்கென்று அளந்திருந்தால், மழை பிந்திய ஆண்டுகளில் யார் பவுசர் (தாங்கி வண்டி) தண்ணீருக்குக் காத்திருந்தார்கள், யார் அடுத்த போகத்தைக் கைவிட்டார்கள் என்று கிணற்றடியில் நின்று பெரியவர்களிடம் கேளுங்கள். வெள்ளத்துக்கென்றால் 2008 நவம்பரின் நிஷா புயலைப் பற்றிக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் வரிசையும் உங்கள் அட்டவணையின் வரிசையும் முரண்பட்டால், மூன்றாம் படியிலிருந்து மறுபடியும் தொடங்குங்கள்.