வீட்டுல சண்டை வராம "சாமி இருக்கா இல்லையா"னு பேசுறது எப்படி

எங்க வீடு கடலூர் மஞ்சக்குப்பம். அம்மா பிரதோஷம்னா பாடலீஸ்வரர் கோயில்ல ஆஜர், மாமா கருப்புச் சட்டை, நான் ரெண்டுலயும் சேராம நடுவுல மாட்டிக்கிட்டவன். பொங்கலுக்கு எல்லாரும் ஒண்ணா உக்காந்தா ரெண்டாவது வடை வர்றதுக்குள்ள ஆரம்பிச்சிடும். இத்தன வருஷம் பாத்து கத்துக்கிட்டத எழுதுறேன், உங்க வீட்டுக்கும் ஆகலாம்.

மொதல்ல சாமின்னா அவங்க எதச் சொல்றாங்கனு கேட்டுக்கோங்க. அம்மாவுக்கு சாமி அழுதா காது குடுக்குற ஆளு, மாமா திட்டுறது உண்டியல் வாங்கிட்டு பாஸ் மார்க் போடுற ஆள, வடலூர் வள்ளலாரு கும்புட சொன்னது ஜோதிய. சமணத்துல உலகத்த படைச்ச கடவுளே கிடையாது, அதுவும் மதம்தான். இத தெளிவு பண்ணாம பேசுனா ஆளுக்கொரு சாமிய வச்சிக்கிட்டு கத்திக்கிட்டே இருப்பீங்க.

அடுத்தது முக்கியம், ரெண்டு கேள்விய கலக்காதீங்க. சாமி இருக்காங்குறது ஒண்ணு, சாமிய நம்புனா மனுசனுக்கு என்ன ஆகுதுங்குறது வேற. எங்க சித்தப்பா சபரிமலைக்கு மாலை போட்டா 41 நாளு தண்ணி கிடையாது சிகரெட் கிடையாது, காலைல பச்சத்தண்ணில குளியல், சித்திய கூட "சாமி"னு தான் கூப்புடுவாரு, மாலைய கழட்டுன அன்னிக்கு ராத்திரியே பாட்டில் சத்தம் கேக்கும். அம்மா பாத்தியா ஐயப்பன் சக்தினு சொல்லுவாங்க, மாமா பாத்தியா எல்லாம் வேஷம்னு சொல்லுவாரு, என்ன கேட்டா ரெண்டும் இல்ல, அதுல தெரியுறது சித்தப்பாவால 41 நாளு குடிக்காம இருக்க முடியும்ங்குறது மட்டும்தான். வடலூர் தருமசாலைல 1867ல மூட்டுன அடுப்பு இன்னிக்கும் எரியுது, எந்த சாதினு கேக்காம சோறு போடுறாங்க, அதுவும் நம்பிக்கை செஞ்ச வேல தான். இன்னொரு பக்கம் அதே சாமி பேர சொல்லி, சாதி பாத்து, தேர் அந்த தெருவுக்குள்ள போகக்கூடாதுனு நின்னவங்களும் இருக்காங்க. இதெல்லாம் சாமி இருக்குறதுக்கோ இல்லாததுக்கோ சாட்சி ஆகாது.

மூணாவது, "முட்டாளா நீ"னு கேக்காம "எப்டி தெரியும்"னு கேளுங்க. அப்பரை கல்லுல கட்டி கடல்ல போட்டாங்க, கல்லு மெதந்துச்சு, கரையேறவிட்டகுப்பம்னு ஊரே இருக்கேனு அம்மா சொல்லுவாங்க. மாமா உடனே சிரிப்பாரு, அதோட காபி டம்ளர் ணங்குனு கீழ வைக்கப்படும். ஒரு தடவ நான் மட்டும், அப்பர் 7ஆம் நூற்றாண்டு, இந்த கதைய சொல்ற பெரியபுராணம் 12ஆம் நூற்றாண்டு, நடுவுல 500 வருஷம் எப்டி வந்துச்சும்மா இந்த கதைனு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு "பாட்டுல வந்துச்சு, அப்பரே பாடியிருக்காரு"னு சொன்னாங்க. நல்ல பதில் தான், அதுக்கு மேல ஒரு மணி நேரம் சண்டையே இல்லாம ஓடுச்சு. அதே கேள்விய மாமாகிட்டயும் கேக்கணும், இல்லவே இல்லைனு அவருக்கு மட்டும் எப்டி தெரியும்.

எடம் நேரம் பாருங்க. சாவு வீட்டுல வேணாம், குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல வேணவே வேணாம். சுனாமில 2004ல தேவனாம்பட்டினத்துல சொந்தத்த இழந்தவங்க ரெண்டு பேர எனக்கு தெரியும், ஒருத்தர் அன்னிக்கு நிறுத்துன வெளக்க இன்னும் ஏத்தல, இன்னொருத்தர் மாசி மகத்துக்கு அதே கரைல போயி நிக்குறாரு. சாமி இருந்தா ஏன் இப்டி விட்டாருங்குறது நாத்திகரோட பலமான வாதம் தான், ஆனா அத அவங்க முன்னாடி எடுத்து வைக்க நமக்கு என்ன இருக்கு.

ஒரே எடத்துல மட்டும் மரியாதைய பாக்காதீங்க. தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க யாரோ சாமியார் சொன்னாருனு சுகர் மாத்திரைய நிறுத்திட்டாங்க. அங்க போயி கடவுள் உண்டா இல்லையானு தத்துவம் பேசிட்டு இருக்கக்கூடாது, விபூதிய பூசிக்கோங்க மாத்திரையும் போடுங்கனு சொல்லி கையோட ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போயிடணும். அன்னிக்கு ஆட்டோ புடிச்சது மாமா, வழியெல்லாம் அக்காவுக்கு கந்தசஷ்டி சொல்லிக்கிட்டே வந்தது அம்மா.