மட்காட் தகரம் மடிக்கக்குள்ள வெடிக்காம இருக்க

கல்லடிப் பக்கம் டிங்கர் வேலை பழகுற தம்பிமாருக்குத்தான் இது. தகரத்த சூடு காட்டாம மடிச்சா, தட்டினா அந்த இடம் இறுகும், பலம் கூடும்தான், ஆனா இழுபடுற தன்மை குறைஞ்சிரும், அதால ஒரே மடிப்ப திருப்பித் திருப்பி நிமித்தினா வெடிக்கும். 1 மில்லிமீட்டர் தகரமெண்டா உள்வளைவு ஆரையும் 1 மில்லிமீட்டருக்குக் குறையாம வையுங்க. ஆலையில தகரத்த உருளைக்குள்ள விட்டு ரோல் பண்ணின கோடு உத்துப்பாத்தா அநேகமாத் தெரியும், மடிப்பு அதுக்குக் குறுக்கால வரணும். மடிச்சு விட்டா கொஞ்சம் திரும்பி நிமிரும், அதையும் சேத்து கூட மடிக்கணும்.

சாதாரண மட்காட்ட சூடு காட்டி இளக்கலாம், பரவாயில்ல. ஆனா புதுக் கார்கள்ட நடுத்தூணில, அதான் முன் கதவுக்கும் பின் கதவுக்கும் இடையில நிக்கிற தூணில, கேஸ் அடிச்சிராதீங்க, கனக்க கார்ல அது 900 பாகையளவு சூடாக்கி அச்சுக்குள்ளயே டக்கெண்டு குளிரவச்ச இரும்பு, திரும்பச் சுட்டா அந்த உறுதி போயிரும், வெளியால பாத்தா ஒண்டும் விளங்கவும் விளங்காது.