பலகை அறுக்கும் செயின்சா: செயினும் பாரும் ஒத்துவராதபோது எங்கே தவறுகிறோம்?

குறுக்கே வெட்டும்போது தெரியாத குறையெல்லாம் நீளவாக்கில் அறுக்கும்போது வெளியே வந்துவிடும். கிளையைத் துண்டு போடுவது சில நொடி வேலை. அதே மெஷினை அலாஸ்கன் மில்லில் (செயின்சாவைப் பிடித்து மரத்தின் மேல் நகர்த்திப் பலகை அறுக்க உதவும் சட்டகம்) பூட்டி எட்டடி வேம்பையோ வாகையையோ பலகையாக்கும்போது செயின் நிமிடக்கணக்கில் முழு விசையில் ஓடுகிறது. சூடேறி நீள்கிறது, பாரின் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) விளிம்பில் உள்ள பள்ளமான காடிக்குள் சாய்கிறது. பலகையில் அலை விழும், அறுப்பு ஒரு பக்கமாக இழுக்கும், சில சமயம் செயின் பாரை விட்டே கழன்றுவிடும். உடனே கடைக்குப் போய்ப் புதுச் செயின் வாங்கிவிடுகிறோம். சந்தேகப்பட வேண்டியது முதலில் பாரை என்பது என் கட்சி.

எதைத் தொடுவதாக இருந்தாலும் எஞ்சினை நிறுத்தி, ப்ளக் கேப்பைக் கழற்றி, கையுறை போட்டுக்கொண்ட பிறகுதான்.

கடையில் "அண்ணே, 36 இஞ்ச் செயின் ஒண்ணு குடுங்க" என்று கேட்பதிலேயே தகராறு தொடங்குகிறது. நீளம் மட்டும் சொன்னால் கடைக்காரர் ஊகித்துத்தான் கொடுக்க முடியும். பிட்ச், கேஜ், டிரைவ் லிங்க் (பாரின் காடிக்குள் இறங்கி ஓடும் கண்ணி) எண்ணிக்கை மூன்றும் வேண்டும். ஒரே 36 அங்குலப் பாருக்கே மெஷின் கம்பெனியைப் பொறுத்து லிங்க் கூடும், குறையும். அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளை நடுவுக்கு நடு அளந்து பாதியாக்கினால் பிட்ச். 3/8 அங்குலம் என்றால் மூன்று நூல், அதாவது 9.5 மி.மீ. வர வேண்டும் என்று எதிர்பார்த்து அளப்பவர்கள் குழம்புவார்கள். அந்தப் பெயர் ஒரு வழக்கு மட்டுமே. மூன்று ரிவெட் தூரம் ஏறக்குறைய 18.6 மி.மீ.தான் இருக்கும், பாதி 9.3. .404 செயினில் அது 20.5 மி.மீ. இன்னொரு வலை, 3/8 லோ ப்ரொஃபைல் என்ற உயரம் குறைந்த செயின். பெயரில் 3/8 இருந்தாலும் சாதாரண 3/8 செயினுக்கான ஸ்ப்ராக்கெட்டில் (செயினை இழுத்து ஓட்டும் பல்சக்கரம்) அதை ஓட்டக் கூடாது. வெட்டு மெல்லியதாக விழும், மரம் வீணாகாது என்று அதற்கு மாறுகிறவர்கள் பாரையும் ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். நீளவாக்கில் அறுப்பதற்கான ரிப்பிங் செயினுக்குத் தனிப் பார் வேண்டுமா என்று கேட்பவர்களும் உண்டு. வேண்டாம். அதில் வேறுபடுவது பல்லைத் தீட்டிய கோணம்தான்: 10 டிகிரி அளவில் இருக்கும், குறுக்கு வெட்டுச் செயினில் 25 முதல் 35 வரை.

பெரிய தொல்லை கேஜில். டிரைவ் லிங்க்கின் தடிமன் 1.1, 1.3, 1.5, 1.6 மி.மீ. என்று வரும், பாரின் காடி அதற்கு ஈடாக இருக்க வேண்டும். தடித்த செயின் மெல்லிய காடிக்குள் போகாது, அது நல்லதுதான், தவறு அங்கேயே தெரிந்துவிடும். 1.6 காடியில் 1.3 செயினைப் போட்டால் சுகமாக உட்காரும், ஓடவும் ஓடும்; மரத்துக்குள் போனதும் சாய்ந்துகொண்டு கோணல் போடும். லிங்க்கில் பொறித்த எண்ணைப் பார்த்தாலே தப்பிக்கலாம். ஓரிகன் கம்பெனி செயினில் 72, 73, 75 மூன்றும் 3/8 பிட்ச்தான். கேஜ் முறையே 1.3, 1.5, 1.6. ஸ்டில் கம்பெனி செயினில் 3 என்றால் 1.3, 6 என்றால் 1.6.

எண் பொருந்தியும் செயின் ஆடுகிறதா? அப்படியானால் காடி தேய்ந்து விரிந்திருக்கிறது. செயினைப் பாரில் உட்காரவைத்து, ஒரு வெட்டுப் பல்லை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். மெல்லிய அசைவு இருக்கும். பல் கண்ணுக்குத் தெரிகிற அளவு சாய்ந்தால் பார் முடிந்தது. இதற்கு நேர்மாறாக, செயின் மேலே தூக்கிக்கொண்டு நிற்பதும் உண்டு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பக்கத் தகடுகளுக்கும் பாரின் விளிம்புக்கும் நடுவே சந்து தெரியும். டிரைவ் லிங்க்கின் வால் காடியின் அடியில் இடிக்கிறது என்று அர்த்தம். பாரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எண்ணெயோடு சேர்ந்து கட்டியான மரத்தூள் காடியில் அடைத்திருந்தாலும் இப்படித்தான் ஆகும். உடைந்த ஆக்ஸா பிளேடால் நுனி வரை சுரண்டி எடுங்கள். அதன் பிறகும் சந்து இருந்தால்தான் பாரைக் குறை சொல்ல வேண்டும்.

விளிம்பு இரண்டும் சம உயரமா என்பதற்கு ஆசாரியின் மூலைமட்டம் போதும். மட்டம் ஒரு பக்கம் சாய்ந்தால் அறுப்பும் அந்தப் போக்கிலேயே போகும். எத்தனை முறை பல் தீட்டினாலும் சரியாகாது. தட்டை அரத்தால் விளிம்பைச் சமமாக்கி, வெளியே தள்ளிய பிசிறையும் எடுத்துவிடுங்கள். செயின் மாற்றும்போதெல்லாம் பாரைத் திருப்பிப் போட்டால் தேய்மானம் ஒரே பக்கம் விழாது. ஒருமுறை கழன்று விழுந்த செயினாக இருந்தால் டிரைவ் லிங்க்குகளிலும் பிசிறு கிளம்பியிருக்கும். "நேத்து வரைக்கும் போன செயின் இன்னைக்குக் காடியில இறங்கல" என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஸ்ப்ராக்கெட்டில் அரை மில்லிமீட்டர் பள்ளம் விழுந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். பழைய ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயினைப் போட்டால் செயின்தான் வீணாகும். ரீலிலிருந்து வெட்டி ரிவெட் அடித்துத் தரும் செயினில், இணைப்பு மற்ற இணைப்புகளைப் போலத் தாராளமாக மடிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

இழுவிசையில் நடக்கும் தவறு ஒன்று மெஷினையே கெடுக்கும். அறுப்பின் நடுவே செயின் தொங்குகிறது, இறுக்குகிறோம், வேலை முடிந்ததும் அப்படியே வைத்துவிட்டுப் போகிறோம். ஆறியதும் அது சுருங்கிப் பாரையும் கிராங்க் ஷாஃப்டையும் இழுக்கும். வேலை முடிந்ததும் தளர்த்திவிடுங்கள். இறுக்கும்போது பாரின் மூக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நட்டை முறுக்க வேண்டும். டென்ஷனர் (செயினை இறுக்கும் திருகு) முளை பாரின் துளைக்குள் இறங்கியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மில்லின் கிளாம்ப்பை மூக்குச் சக்கரத்தின் மேல் பூட்டக் கூடாது. அதற்குப் பின்னால், பாரின் நடுப்பட்டையில் பிடிக்க வேண்டும். விளிம்பை நெருக்கினால் காடி இறுகும், செயின் சிக்கும்.

வேறு கம்பெனிப் பாரை மாட்டியிருந்தால் எண்ணெய்த் துளை மெஷினின் துளைக்கு நேரே வருகிறதா என்று பாருங்கள். மூடியையும் ப்ளக் கேப்பையும் மாட்டி எஞ்சினைக் கிளப்பி, மூக்கை ஓர் அட்டைக்கு மேல் பிடித்து முடுக்கினால் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். நீளப் பாரில் பலகை அறுக்க மெஷினின் பம்ப் மட்டும் போதாது. மூக்குப் பக்கம் தனி எண்ணெய்ச் சொட்டு வைத்துக்கொள்ளலாம். அதில் வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயிலை மட்டும் ஊற்றாதீர்கள்.