வயிற்றுப் பிள்ளைக்குப் பெயர் தேடுவது: பர்மாத் தமிழ் வீடுகளுக்கு ஒரு செய்முறை

பர்மாவில் பிறக்கும் தமிழ்ப் பிள்ளைக்குப் பெரும்பாலும் இரண்டு பெயர். வீட்டிலும் கோயிலிலும் கூப்பிட ஒன்று, பள்ளிக்கூடத்திலும் அடையாள அட்டையிலும் எழுத ஒன்று. இரண்டையும் தனித்தனியாக யோசித்து வைத்தால் என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். பாட்டி இருக்கிற வரைக்கும் தமிழ்ப் பெயர் இருக்கும், பிறகு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளே இருக்காது. அதனால் இரண்டையும் ஒன்றோடொன்று கட்டிப் பிணைத்து எடுக்க வேண்டும். ஒலியால் பிணைக்கலாம், பொருளால் பிணைக்கலாம், ஒன்றும் முடியாவிட்டால் முதல் எழுத்தாலாவது பிணைக்கலாம். அதற்கான வழிதான் இது. ஏழாம் மாதத்தில் தொடங்கினால் அவசரம் இல்லாமல் முடிக்கலாம்.

பிறக்கும் முன்னே பெயர் வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் தடுத்தால் அவர்களிடம் சண்டை வேண்டாம். இப்போது செய்வது பெயர் வைப்பது இல்லை, பட்டியல் போடுவது மட்டும்தான்.

படி 1: எட்டுக் கட்டம் போடுங்கள்

பர்மியப் பெயருக்கு முதல் எழுத்தைத் தீர்மானிப்பது பிறந்த கிழமை. புதன்கிழமையை நண்பகலில் இரண்டாக வெட்டுவதால் கிழமை எட்டாகிறது. பகோடாவில் அவரவர் கிழமை மூலைக்குப் போய்த் தண்ணீர் ஊற்றுகிறோமே, அதே எட்டு. பர்மிய எழுத்து வரிசையும் நம் க, ச, த, ப வரிசையும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்பதால் தமிழ்ப் பெயர்களை இந்தக் கட்டங்களில் அடுக்குவது கடினமே இல்லை.

ஞாயிறு: அ முதல் ஔ வரை எல்லா உயிரெழுத்தும். ஆனந்தன், இளங்கோ, அமுதா.
திங்கள்: க வரிசை. கண்ணன், கீதா, குமார்.
செவ்வாய்: ச, ஜ, ஞ. சேரன், செல்வி, ஜெயா, ஞானம்.
புதன் காலை: ல, வ. லட்சுமி, வேலு, வள்ளி.
புதன் மாலை, அதாவது ராகு: ய, ர. யசோதா, ரேவதி, ராஜா.
வியாழன்: ப வரிசை, ம. பழனி, பார்வதி, முருகன், மீனா.
வெள்ளி: ஹ, பாலி ஸ. ஹரி, ஹேமா.
சனி: த வரிசை, ந. தேவி, தங்கம், நடராஜன், நளினி.

ஒரு கட்டத்துக்கு ஆண் பெயர் நான்கு, பெண் பெயர் நான்கு போதும். மொத்தம் 64. அதிகம் போல் தெரியும், ஆனால் இரண்டு வீட்டுத் தாத்தா பாட்டி பெயர்களை எழுதினாலே கால்வாசி நிரம்பிவிடும்.

வெள்ளிக் கட்டம்தான் தமிழருக்கு இடறும். பர்மியத்தில் ‘ச’ ஒலிக்கும் எழுத்து செவ்வாய்க்கு உரியது. ஆனால் வடமொழியிலும் பாலியிலும் ஸ என்று இருப்பதைப் பர்மியர் வேறோர் எழுத்தால் எழுதி, நாக்கு நுனியைப் பல்லில் வைத்துத் ‘த’ போல உச்சரிப்பார்கள். ஸ்ரீ அவர்கள் வாயில் ‘திரி’, சூரியா ‘துரியா’, சரஸ்வதி ‘துரத்ததி’. ஆக சூரியா என்ற ஒரே பெயர், காதில் விழுகிறபடி எழுதினால் செவ்வாய், பாலி வழக்கப்படி எழுதினால் வெள்ளி. வெள்ளிக்கிழமை பிறந்த பிள்ளைக்குப் பெயரே கிடைக்கவில்லை என்று சலித்துக்கொள்பவர்கள் இந்த வாசலை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று: கிழமையைச் சொல்வது எழுதும் எழுத்து, ஒலி அல்ல. ‘ஹ்லா’ என்று காதில் விழும் பெயரை ல மேல்தான் எழுதுகிறார்கள், ஆகவே அது புதன். ‘ஷ்வே’ எழுதப்படுவது ர எழுத்தில், ஆகவே ராகு. எழுதிப் பார்க்காமல் கட்டத்தில் போட வேண்டாம்.

படி 2: ஜோடி சேருங்கள்

ஒவ்வொரு தமிழ்ப் பெயருக்கும் பக்கத்தில் ஒரு பர்மியப் பெயர். முதலில் ஒலியால் ஒன்றாக இருப்பவற்றைத் தேடுங்கள். மாலா, நீலா, நந்தா இரு மொழியிலும் அப்படியே நிற்கும், ஒரே பெயரே போதும். சந்திராவுக்குச் சந்தா, ரத்னாவுக்கு யடனா, ஜெயாவுக்கு ஸேயா. இவையெல்லாம் பாலி வழியாகப் பர்மியத்துக்குப் போன நமக்குத் தெரிந்த சொற்கள்தாம்.

அடுத்தது பொருளால் சேர்ப்பது. இதில்தான் நல்ல பெயர்கள் கிடைக்கும், நிதானமாகத் தேடுங்கள். பர்மியத்தில் முத்துக்குப் ‘பலெ’. முத்துவும் வியாழன், பலெயும் வியாழன். மரகதத்துக்கு ‘ம்யா’, இரண்டும் வியாழன். மழைக்கு ‘மோ’. மாரி என்றாலும் மழைதானே, அதுவும் வியாழன். மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பெண்ணுக்கு மாரி என்று வீட்டிலும், மோ என்று தொடங்கும் பெயர் அட்டையிலும் அமைந்தால் அதைவிடப் பொருத்தம் வேறு வேண்டாம். தங்கத்துக்கு ஷ்வே, வைரத்துக்குச் செயின், வெற்றிக்கு அவுங். இவற்றில் பொருள் சேரும், கிழமை சேராது. அப்போது கிழமைக்குப் பர்மியப் பெயரையும் நட்சத்திரத்துக்குத் தமிழ்ப் பெயரையும் பார்த்துக்கொள்ளலாம்.

படி 3: பிறந்த நேரத்தைச் சரியாகப் பிடியுங்கள்

பிரசவ அறைக்கு வெளியே நிற்பவர் ஒருவரிடம் இந்த வேலையை முன்கூட்டியே ஒப்படையுங்கள். நர்சிடம் நிமிடம் வரைக்கும் கேட்டு எழுத வேண்டும். “பன்னிரண்டு மணி சுமார்” என்று எழுதினால் புதன்கிழமை பிறந்த பிள்ளைக்குரிய விலங்கு காலைக்கான தந்தமுள்ள யானையா, மாலைக்கான தந்தமில்லாத யானையா என்பதே தெரியாமல் போகும்.

நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில் பிறந்தால் இன்னொரு சிக்கல். பஞ்சாங்கத்தில் நாள் தொடங்குவது சூரிய உதயத்தில், ஆஸ்பத்திரித் தாளில் நள்ளிரவில். வியாழன் அதிகாலை 3 மணிக்குப் பிறந்த பிள்ளையைக் குருக்கள் புதன் என்பார், தாள் வியாழன் என்னும். பர்மியப் பெயருக்குத் தாளில் உள்ள கிழமையையே வைத்துக்கொள்வது நல்லது. பிள்ளை வாழ்நாள் முழுக்கக் காட்டப்போவது அந்தத் தேதியைத்தான்.

நட்சத்திரம் பார்ப்பவர்கள் செய்யும் பெரிய தவறு ஒன்று உண்டு. நம் கையில் இருப்பது பெரும்பாலும் சென்னையில் அச்சான பஞ்சாங்கம். பர்மா கடிகாரம் இந்தியக் கடிகாரத்துக்கு 1 மணி நேரம் முந்தியது. ஆகவே நட்சத்திரம் தொடங்கும் நேரம், முடியும் நேரம் இரண்டிலும் 1 மணி கூட்ட வேண்டும். போனில் பஞ்சாங்கம் பார்த்தால் ஊரை யாங்கோன் என்று மாற்றிவிட்டுப் பாருங்கள், அப்போது கூட்டக் கூடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அசுவினி திங்கள் இரவு 8.20க்குத் தொடங்கிச் செவ்வாய் இரவு 9.08க்கு முடிகிறது என்று சென்னைப் பஞ்சாங்கத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது இரவு 9.20 முதல் மறுநாள் இரவு 10.08 வரை. மொத்தம் 24 மணி 48 நிமிடம். நான்கு பாதமாக வகுத்தால் ஒன்றுக்கு 6 மணி 12 நிமிடம். முதல் பாதம் அதிகாலை 3.32 வரை, இரண்டாம் பாதம் காலை 9.44 வரை. பிள்ளை செவ்வாய் காலை 9.10க்குப் பிறந்தால் இரண்டாம் பாதம். ஒரு மணி கூட்ட மறந்திருந்தால் இரண்டாம் பாதம் 8.44க்கே முடிந்து, மூன்றாம் பாதம் என்று வந்திருக்கும்.

அசுவினிக்கு எழுத்து சு, சே, சோ, லா. இரண்டாம் பாதத்துக்குச் சே. செவ்வாய்க்கும் ச வரிசை. சேரன், சேது, எதை வைத்தாலும் நட்சத்திரமும் கிழமையும் ஒன்றாகவே நிற்கும். இப்படி அமைவது அபூர்வம். மகத்தில் சனிக்கிழமை பிறந்தால் ஒன்று ம கேட்கும், ஒன்று த கேட்கும். இழுத்துக் கட்ட வேண்டாம், இரண்டு பெயர் இருப்பதே இதற்குத்தான்.

நட்சத்திர எழுத்து ட, ண, ங என்று வந்தால் பயப்பட வேண்டாம். தமிழில் அவை சொல்லுக்கு முதலில் வராது. அதே நட்சத்திரத்தின் வேறு பாதத்து எழுத்தை எடுத்துக்கொள்வது வழக்கம். அதுவும் இல்லாத ஆயில்யம் போன்றவற்றுக்குக் குருக்களிடம் கேளுங்கள், அல்லது குலதெய்வத்தின் பெயரை வையுங்கள்.

படி 4: பர்மியக் காதில் போட்டுப் பாருங்கள்

இதைத் தவறவிட்டால் பிள்ளை பள்ளிக்கூடத்தில்தான் கஷ்டப்படும். பெயரைப் பர்மிய எழுத்தில் எழுதி, தமிழ் அறியாத மூன்று பேரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு பேர் வேறு வேறாகப் படித்தால் எழுத்தை மாற்றுங்கள். மூன்று பேரும் சிரித்தால் பெயரையே மாற்றுங்கள்.

எதனால் இடறுகிறது என்று தெரிந்தால் முன்பே தவிர்க்கலாம். பர்மியத்தில் குறில் ‘ம’ முன்னால் வந்தால் அது ‘இல்லை’ என்ற பொருள். மலர் என்ற பெயரில் கடைசி ர் விழுந்துபோய் ‘ம லா’ என்று ஒலிக்கும். அது ‘வரலை’. மதி ‘ம தி’ ஆகும். அது ‘தெரியாது’. அறிவு என்று நினைத்து வைத்த பெயர் இப்படி முடிவது பாவம். மாலா என்று நீட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

ர எழுத்தைப் பர்மியர் பெரும்பாலும் ய என்றே படிப்பார்கள். ரங்கூன் யாங்கோன் ஆனது அப்படித்தான். ராமாயணத்து ராமனே அவர்களுக்கு ‘யாம’. நம் வீட்டுப் பாட்டி காதில் அது யமனாக விழும். ராமன் என்று வைத்தே தீர வேண்டுமானால் அட்டையில் வேறு பெயர் போடுங்கள்.

சொல்லின் கடைசி மெய் நிற்காது. கார்த்திக் ‘காதி’ என்று பட்டென்று அறுந்துவிடும். ழ, ள, ல மூன்றும் ஒன்றே. இரண்டு மூன்று அசையில், உயிரெழுத்தில் முடியும் பெயர்கள்தாம் சேதாரம் இல்லாமல் நிற்கின்றன: மீனா, தேவி, வேலு, கீதா.

பிறகு மரியாதைச் சொற்கள். பர்மியப் பெயரை அசை அசையாகப் பிரித்து எழுதுவதால் முதல் அசை பட்டமாக மாறிவிடும். கோமதியைக் ‘கோ மதி’ என்று பிரித்தால் மதி அண்ணன். உமாவை ‘உ மா’ என்றால் பெரியவர் மா. மணி என்ற பையன் ‘மா நீ’ என்ற பெண்ணாவான். சாய் பிரியாவின் சாய், ஷான் ஆண்களின் பட்டம். இந்தப் பெயர்கள் பிடித்திருந்தால் வையுங்கள். ஆனால் எழுதும்போது எங்கும் இடம் விடாமல் சேர்த்தே எழுத வேண்டும், ஆசிரியரிடமும் சொல்லி வைக்க வேண்டும்.

படி 5: முதலில் பர்மியம், பிறகு ஆங்கிலம்

தமிழ்நாட்டு வழக்கில் த என்ற எழுத்துக்கு ஆங்கிலத்தில் டி, ஹெச் (th) போடுவார்கள். பர்மாவில் டி, ஹெச் என்றால் வெள்ளிக்கிழமை எழுத்து. சனிக்கிழமைக்கென்று தேர்ந்தெடுத்த தங்கத்தை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தீர்களானால், எழுத்தர் அதைப் பார்த்து வெள்ளி எழுத்தில் பதிவார். ஒலியும் போச்சு, கிழமையும் போச்சு. ஆகவே பர்மிய எழுத்தில் ஒரு தாளில் தெளிவாக எழுதி அதையே கொடுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலை அதன் கீழே எழுதி, பாஸ்போர்ட்டு வரைக்கும் அதில் ஓர் எழுத்துகூட மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் ஒட்ட வேண்டாம். பர்மியப் பெயரில் குடும்பப் பெயர் கிடையாது. அட்டையில் தந்தை பெயருக்குத் தனி இடம் இருக்கிறது.

படி 6: தாள்கள்

ஆஸ்பத்திரியோ மருத்துவச்சியோ தரும் தாளைக் கொண்டு பிறப்புச் சான்றிதழ் வாங்குங்கள். அது கைக்கு வந்ததும், வாங்கிய இடத்திலேயே நின்று எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். பிறகு லவக என்கிற குடிவரவு அலுவலகத்தில் 66/6 குடும்பப் பட்டியலில் பிள்ளையைச் சேர்க்க வேண்டும். பிள்ளைக்கு 10 வயதில் எடுக்கும் முதல் அட்டைக்கும், 18ல் மாற்றும் அட்டைக்கும் இந்த இரண்டு தாள்தான் அடி. இவற்றில் பெயர் வேறுபட்டால் பிறகு உறுதிமொழிப் பத்திரம், நாளிதழ் அறிவிப்பு என்று அலைய வேண்டிவரும்.

படி 7: பெயர் சூட்டும் நாள்

பிறந்த 11ஆம் நாள், 16ஆம் நாள் என்று அவரவர் வழக்கப்படி வைத்துக்கொள்ளுங்கள். பர்மியப் பக்கத்து வீட்டார் செய்யும் ‘கின்புன் தா’ சடங்கிலும் பெயர்தான் வைக்கிறார்கள். கின்புன் என்பது நம் சீயக்காய். அதை ஊறவைத்த நீரில் குழந்தையின் தலையைக் கழுவுவார்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்யும் கலப்புக் குடும்பங்கள், தலை கழுவுவதை முதலில் முடித்துத் துவட்டிவிட்டுத் தொட்டிலுக்கு வரலாம். பச்சைப் பிள்ளைக்குச் சீயக்காய் நீர் கண்ணில் பட்டால் எரியும், இரண்டு சொட்டு நெற்றி உச்சியில் தொட்டு வைத்தாலே போதும்.

காதில் மூன்று முறை சொல்வது தமிழ்ப் பெயராக இருக்கட்டும். அங்கே வந்திருக்கும் பர்மிய நண்பர்களுக்கும் அந்தப் பெயரைச் சொல்லிக் கொடுங்கள், அதன் பொருளோடு. பிறப்புச் சான்றிதழை நகல் எடுத்து, நகலின் பின்பக்கம் தமிழ்ப் பெயர், நட்சத்திரம், பாதம், பிறந்த நேரம் நான்கையும் தமிழில் எழுதி அசலோடு சேர்த்து உறைக்குள் போட்டுவையுங்கள்.