போஸ்ட்கிரெஸ் இணைப்புகள் தீர்ந்துபோனபோது

கூட்டம் ஏறும் நேரத்தில் மட்டும் எங்கள் தளம் முடங்கியது. லாகில் 'டூ மெனி கிளையன்ட்ஸ் ஆல்ரெடி' என்ற பிழை வரிசையாக வந்துகொண்டிருந்தது. எங்கள் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். அதில் ஒரே நேரத்தில் இருக்கக்கூடிய இணைப்புகளின் வரம்பு இயல்பாக 100. அதை 500 ஆக்கிவிடு என்பதுதான் முதலில் கிடைக்கும் யோசனை. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒவ்வோர் இணைப்புக்கும் போஸ்ட்கிரெஸ் தனி பிராசஸ் தொடங்கும். மெமரியும் போகும், சிபியுவுக்கும் அடிதடி.

இணைப்புகளின் நிலையைக் காட்டும் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியில் பார்த்தால் அவற்றில் பாதிக்கு மேல் 'ஐடில்' என்று சும்மா கிடந்தன. ஒவ்வொரு ஆப் வொர்க்கரும் தனக்கென ஓர் இணைப்புத் தொகுப்பைப் பிடித்து வைத்திருந்தது. இன்னும் சில, டிரான்சாக்‌ஷன் (ஒரே தொகுதியாக முடியவேண்டிய டேட்டாபேஸ் வேலை) நடுவே சும்மா நிற்கும் 'ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்'. டிரான்சாக்‌ஷனைத் திறந்துவிட்டு, வெளி ஏபிஐ ஒன்றின் பதிலுக்காகக் காத்திருக்கும் கோட் அது. அந்த அழைப்பை டிரான்சாக்‌ஷனுக்கு வெளியே எடுத்ததிலேயே பாதி நெரிசல் குறைந்தது.

அப்புறம் ஆப்புக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில், இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சரை டிரான்சாக்‌ஷன் மோடில் வைத்தேன். டிரான்சாக்‌ஷன் முடிந்து கமிட் ஆனதும் இணைப்பு அடுத்த கோரிக்கைக்குப் போய்விடும். டேட்டாபேஸ் பக்கம் 30 இணைப்புகளே தாராளம்.

இந்த மோடில் லிசன் (அறிவிப்புகளுக்குக் காத்திருப்பது), செஷன் அளவிலான செட் (அந்த இணைப்புக்கான அமைப்பை மாற்றுவது), செஷன் அளவிலான அட்வைசரி லாக் (ஆப் தானே போட்டுக்கொள்ளும் பூட்டு) இவற்றை நம்ப முடியாது. எங்கள் பின்னணி வேலைகளுக்கு அந்த அட்வைசரி லாக் தேவை என்பதால், அவற்றை மட்டும் பிஜிபவுன்சரைத் தாண்டி நேரடியாக இணைத்தேன். பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்டும் (முன்கூட்டியே தயாரித்து வைக்கும் குவெரி) பிஜிபவுன்சரின் பழைய பதிப்புகளில் தகராறுதான், அதன் 1.21 முதல் அதற்கென ஒரு செட்டிங் இருக்கிறது, பூஜ்யத்துக்கு மேல் வைத்தால் சரி.

கடைசியாக, டிரான்சாக்‌ஷனுக்குள் 30 விநாடிக்கு மேல் சும்மா இருந்தால் இணைப்பைத் துண்டிக்கும் டைம்அவுட்டையும் போட்டுவிட்டேன்.