தாலுகா ஆபீஸ் எதிரே ஒரு கம்ப்யூட்டர்: நான் ஏற்றி வைத்திருக்கும் சின்னச் சின்ன மென்பொருள்கள்

தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருப்பவர்களின் டி டிரைவில் பாதி ஊர் இருக்கும். ஆதார், பட்டா, சாதிச் சான்று, பாஸ்புக் முதல் பக்கம், பிள்ளையின் டிசி, வில்லங்கச் சான்று என்று எல்லாமே அங்கேதான் கிடக்கும். இரண்டு பிடிஎஃப்பை ஒன்றாக்கச் சொன்னால் பல இடங்களில் கூகுளில் தேடி, முதலில் வரும் தளத்தில் யாரோ ஒருவரின் ஆதாரைத் தூக்கி ஏற்றிவிடுகிறார்கள். அது எந்த சர்வரில் எத்தனை நாள் கிடக்கும் என்று ஏற்றியவருக்கும் தெரியாது, ஆதாருக்குச் சொந்தக்காரருக்கும் தெரியாது. என் கடையில் அந்தப் பழக்கம் கிடையாது. கீழே சொல்லியிருப்பவை எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளேயே வேலையை முடித்துவிடும், காசும் கேட்காது. விண்டோஸ் 10 ஓடும் நாலு ஜிபி ராம் மெஷினே போதும்.

தேடித் தருவது: எவ்ரிதிங்

"அக்கா, போன வருஷம் எங்க அப்பாவுக்கு ஒரு மனு அடிச்சீங்களே, அதுல தேதியை மட்டும் மாத்தித் தாங்க." இதைக் கேட்காத டிடிபி கடை இருக்காது. விண்டோஸின் தேடல் பெட்டியை நம்பினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அது சாதாரணமாகப் பட்டியல் போட்டு வைத்திருப்பது டாகுமென்ட்ஸ், டெஸ்க்டாப் மாதிரியான சில இடங்களை மட்டும்தான். நம் சரக்கு இருக்கும் டி டிரைவை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து துழாவும்.

வாய்டூல்ஸ் என்ற பெயரில் டேவிட் கார்ப்பென்டர் என்பவர் தரும் எவ்ரிதிங் வேறு வழியில் வேலை செய்கிறது. என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்த ஒவ்வொரு டிரைவிலும் எல்லாக் கோப்புகளின் பெயரும் ஒரு மாஸ்டர் பட்டியலில் எழுதப்பட்டிருக்கும். எவ்ரிதிங் ஃபோல்டர் ஃபோல்டராக அலையாமல் அந்தப் பட்டியலையே படித்துவிடும். அதனால்தான் லட்சக்கணக்கான கோப்புகள் இருந்தாலும் நாம் எழுத்து அடிக்க அடிக்க விடை வந்துகொண்டே இருக்கும்.

ஏற்றும்போது எவ்ரிதிங் சர்வீஸ் என்ற பெட்டியில் டிக் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் அட்மின் அனுமதி கேட்கும். பிறகு 'முருகேசன் பட்டா' என்று அடியுங்கள். இடைவெளி விட்ட இரண்டு சொல்லும் பெயரில் எந்த வரிசையில் இருந்தாலும் எடுத்துக் கொடுக்கும். ஊர்ப் பெயரை அரைகுறையாக அடித்தாலும் சரி. மேலே 'டேட் மாடிஃபைடு' என்ற தலைப்பைச் சொடுக்கினால் கடைசியாகத் தொட்ட கோப்பு முதலில் வந்து நிற்கும். வெறும் நட்சத்திரக் குறியும் புள்ளியும் போட்டு அதோடு பிடிஎஃப் என்று ஆங்கிலத்தில் சேர்த்தால் கம்ப்யூட்டரில் உள்ள பிடிஎஃப் அத்தனையும் வரும்.

இது பெயரைத்தான் தேடும், உள்ளே எழுதியிருப்பதை அல்ல. 'நியூ டாகுமென்ட் 14' என்று சேமித்து வைத்திருந்தால் இதுவும் கைவிரித்துவிடும். என் கடையில் ஆள் பெயர், ஊர், என்ன காகிதம், வருஷம் என்ற வரிசையில்தான் பெயர் வைக்கிறோம். வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் பாடமே அதுதான். இன்னொரு விஷயம்: பென் டிரைவ்கள் பெரும்பாலும் என்டிஎஃப்எஸ்ஸில் இருக்காது, அதனால் தானாகப் பட்டியலில் ஏறாது. அடிக்கடி செருகும் டிரைவாக இருந்தால் செட்டிங்கில் ஃபோல்டராகச் சேர்த்துவிடலாம்.

ஸ்கேனருக்கு: நாப்ஸ்2

ஸ்கேனரோடு கம்பெனி தரும் மென்பொருள் பெரும்பாலும் கனமாக இருக்கும், ஒவ்வொரு பக்கத்துக்கும் நாலு கேள்வி கேட்கும். நாப்ஸ்2 திறமூல மென்பொருள். எந்த பிராண்டு ஸ்கேனரானாலும் அதன் டிரைவர் ஏறியிருந்தால் பிடித்துக்கொள்ளும். ஸ்கேனரோடு பேச வியா, ட்வெய்ன் என்று இரண்டு வழி காட்டி எது வேண்டும் என்று கேட்கும். ஒன்றில் வராவிட்டால் மற்றதைத் தேர்ந்தெடுங்கள்.

முதலில் புரொஃபைல்களை உருவாக்கி வையுங்கள். என்னிடம் மூன்று இருக்கின்றன. 'ஆதார்' என்பது கலர், 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு). 'மனு' என்பது கிரே, 200. 'பத்திரம்' என்பது லீகல் அளவு, கிரே, 300. ஆள் வந்ததும் புரொஃபைலைத் தொட்டால் போதும், வேறு எதையும் மாற்ற வேண்டாம். ஆன்லைன் விண்ணப்பம் 'இத்தனை கேபிக்குள்' என்று அடம்பிடித்தால் 150 டிபிஐ, கிரே என்று இறக்கி மறுபடி எடுங்கள். பெரிதாக எடுத்துவிட்டுச் சுருக்குவதைவிட இது தெளிவாக இருக்கும்.

நான் இதை வைத்திருப்பதற்கு முக்கியக் காரணம் இரண்டு பக்கமும் எழுதிய பத்திரங்கள். மேலே தாளைச் செருகும் ஃபீடர் உள்ள பல ஸ்கேனர்கள் தாளின் ஒரு பக்கத்தைத்தான் படிக்கும். முழுக் கட்டையும் ஒரு முறை விடுங்கள். 1, 3, 5 என்று வரும். கட்டை அப்படியே புரட்டி மறுபடி விடுங்கள். இப்போது கடைசிப் பக்கத்திலிருந்து தலைகீழாக வரும். அதன் பிறகு ரீஆர்டர் மெனுவில் 'ஆல்டர்னேட் இன்டர்லீவ்' என்பதைச் சொடுக்கினால் 1, 2, 3, 4 என்று தானே கோத்துக்கொள்ளும். நாற்பது பக்கப் பாகப்பிரிவினைப் பத்திரத்தைக் கையால் இழுத்து இழுத்து வரிசைப்படுத்தியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஓசிஆர், அதாவது படத்தில் உள்ள எழுத்தைப் படித்தெடுக்கும் பொத்தானும் உண்டு. தமிழைத் தேர்ந்தெடுத்தால் ஒரு முறை மட்டும் மொழிக் கோப்பை இறக்கிக்கொள்ளும், அதற்குப் பிறகு நெட் வேண்டாம். சேமிக்கும் பிடிஎஃப்பில் சொற்களைத் தேடலாம். அச்சடித்த புத்தகம், கம்ப்யூட்டரில் அடித்த ஆணை என்றால் நன்றாகவே படிக்கும். பழைய கையெழுத்துக் கிரயப் பத்திரத்தைக் கொடுத்துவிட்டு அதிசயம் எதிர்பார்க்காதீர்கள்.

ஏற்கெனவே இருக்கும் பிடிஎஃப்களைச் சேர்க்கவும் பிரிக்கவும் பிடிஎஃப்சாம் பேசிக். பேசிக் என்பதுதான் இலவசம். பெரிய பதிப்பையும் காட்டுவார்கள், அதை விட்டுவிடுங்கள்.

பிடிஎஃப் படிக்க மட்டும் என்றால் சுமத்ரா பிடிஎஃப். சில எம்பிதான். சொடுக்கிய உடனே திறக்கும், விட்ட பக்கத்தை நினைவில் வைத்திருக்கும், பாஸ்வேர்டு போட்ட இ-ஆதாரையும் திறக்கும். அதில் படிவம் நிரப்புவது மாதிரி வேலைகளை எதிர்பார்க்க வேண்டாம்.

பழைய ஃபான்ட் கோப்புகள்

ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. பாமினி ஃபான்டில் அடித்த கோப்பில் 'தமிழ்' என்ற சொல் உள்ளே இப்படித்தான் கிடக்கிறது. அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவத்தை மாட்டிக் காட்டுவதுதான் ஃபான்டின் வேலை. ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் கிறுக்கலாகத் தெரிவதற்கு அதுதான் காரணம். கோப்பு கெட்டுப்போகவில்லை. கோயில் கமிட்டி வரவு செலவு, சங்கத்தின் பழைய தீர்மானம், தாத்தா எழுதிய ஊர் வரலாறு என்று இப்படிப்பட்ட கோப்புகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. பலர் அதை மறுபடி முதலிலிருந்து அடிக்கச் சொல்லிக் காசு கொடுக்கத் தயாராக வருகிறார்கள். வேண்டாம்.

சென்னையின் நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்எச்எம் கன்வெர்ட்டர் இதற்குத்தான். பாமினி, டிஸ்கி, டாப், டாம் என்ற பழைய குறியாக்கங்களை, தனி ஃபான்ட் கேட்காமல் தமிழாகவே தெரியும் யூனிகோடாக மாற்றும். கோப்பை வேர்டில் திறந்து, எழுத்தின் மேல் கர்சரை வைத்து ஃபான்ட் பெயரைப் பாருங்கள். எந்தக் குறியாக்கம் என்பது அதிலேயே பாதி தெரிந்துவிடும். முதலில் ஒரே ஒரு பத்தியை மாற்றிப் பார்த்து, சரியாக வந்தால் மொத்தத்தையும் மாற்றுங்கள். இடையில் உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால் அதுவும் சேர்ந்து தமிழாகி உளறும். அந்த இடங்களைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும். எண்களையும் ஒரு தரம் மூலத்தோடு ஒத்துப் பாருங்கள், அதிலும் சர்வே எண் இருந்தால் கட்டாயம்.

புதிதாகத் தமிழ் அடிக்கப்போகிறவர்களுக்கு ஒரு வரி: விண்டோஸ் 10இன் 2019 மே அப்டேட்டிலிருந்து தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே வருகிறது. மொழி செட்டிங்கில் தமிழைச் சேர்த்தால் போதும், தனியாக எதையும் ஏற்ற வேண்டியதில்லை.

திரும்பத் திரும்ப அடிப்பவை

டிட்டோ என்பது நாம் காப்பி செய்த எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருக்கும். கன்ட்ரோல் விசையோடு எஸ்கேப்புக்குக் கீழே உள்ள விசையை அழுத்தினால் பட்டியல் வரும். படிவம் நிரப்பும்போது பெயர், தகப்பனார் பெயர், கதவு எண், பின்கோடு என்று வரிசையாகக் காப்பி செய்துகொண்டு போய், அங்கே ஒவ்வொன்றாக ஒட்டலாம். விண்டோஸ் விசையும் வி-யும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலும் இதே வேலைதான், ஆனால் அது 25 வரைதான் வைத்திருக்கும், மெஷினை அணைத்தால், நாம் 'பின்' குறியைச் சொடுக்கி நிறுத்தி வைத்தவை தவிர மற்றதெல்லாம் போய்விடும்.

டிட்டோ அணைத்தாலும் மறக்காது. அதன் பலமும் அதுதான், ஆபத்தும் அதுதான். ஆதார் எண், நெட் பேங்கிங் பாஸ்வேர்டு எல்லாம் அங்கே தங்கிவிடும். கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் ஆப்ஷன்ஸில் போய், ஒரு நாளுக்கு மேல் பழையது தானாக அழியும்படி வைத்துவிடுங்கள். அதைச் செய்ய மனமில்லாதவர் டிட்டோவைத் தொடவே வேண்டாம் என்பேன்.

மனு வார்ப்புகளுக்கு எஸ்பான்ஸோ. ஒரு சுருக்கத்தை அடித்தால் அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள், இப்படிக்கு வரை முழுவதும் விரியும். அன்றைய தேதியையும் தானே போடும். இதை அமைக்க ஒரு டெக்ஸ்ட் கோப்பைத் திருத்த வேண்டும். அதில் வரி உள்ளே தள்ளுவதற்கு ஸ்பேஸ் மட்டும்தான், டேப் விசையைத் தொட்டால் பிழை காட்டும். சுருக்கத்தை முக்காற்புள்ளியில் தொடங்குங்கள், சாதாரணமாக அடிக்கும்போது தவறி விரியாது. சுருக்கத்தை அடிக்கும்போது விசைப்பலகை ஆங்கிலத்தில் இருக்கட்டும்.

போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில்

போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சுருங்கித்தான் வரும். பாஸ்போர்ட் சைஸ் பிரிண்டில் அது பல்லிளிக்கும். லோக்கல்சென்ட்டை போனிலும் கம்ப்யூட்டரிலும் ஏற்றிவிட்டால், இரண்டும் ஒரே வைஃபையில் இருக்கும்போது ஒன்றையொன்று தானே கண்டுபிடிக்கும். இன்டர்நெட் இல்லாவிட்டாலும் கோப்பு அசல் அளவில் போய்ச் சேரும். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் உண்டு. கம்ப்யூட்டர் கண்ணில் படவில்லை என்றால் விண்டோஸ் நெட்வொர்க் 'பப்ளிக்' என்று இருக்கிறதா பாருங்கள். 'பிரைவேட்' ஆக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அவசரமாக வந்து நிற்கும் வாடிக்கையாளரை இதை ஏற்றச் சொல்ல முடியாது. அவர்களிடம் "வாட்ஸ்அப்புல போட்டோவா அனுப்பாதீங்க, டாகுமென்ட்டா அனுப்புங்க" என்று சொல்லிவிடுவேன். அதிலும் அசல் அளவு வரும்.

ஒரே ஃபோல்டரில் இருக்கும் இருநூறு கல்யாணப் போட்டோவுக்குப் பெயர் மாற்றவும் அளவு குறைக்கவும் மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ். ரைட் கிளிக்கிலேயே இரண்டும் வந்துவிடும்.

இறக்கும்போது கூகுள் விடையில் 'ஸ்பான்சர்டு' என்று போட்டு மேலே நிற்பதைச் சொடுக்காதீர்கள். பெரிய பச்சைப் பொத்தான் காட்டும் போலித் தளங்கள் அங்கேதான் வரும். தயாரித்தவரின் சொந்தத் தளத்தில் மட்டும் எடுங்கள். கம்ப்யூட்டரைச் 'சுத்தம்' செய்கிறேன், டிரைவரைப் புதுப்பிக்கிறேன் என்று வருபவற்றை நான் ஏற்றுவதே இல்லை.

நாலு ஜிபி மெஷினில் தானாகத் தொடங்கும் பட்டியலில் எவ்ரிதிங், டிட்டோ, எஸ்பான்ஸோ மூன்று மட்டும் இருக்கட்டும். லோக்கல்சென்ட்டைக் கோப்பு வரும் நேரத்தில் திறந்தால் போதும். பவர்டாய்ஸை ஏற்றினால் வேண்டிய இரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அதன் செட்டிங்கில் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மெஷின் இழுக்கும்.